கதவு யாருக்குத் திறந்தது? கொரோனா காலத்துல வெளிநாட்டுப் படிப்பு

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஆபீஸ் கால்ல இருந்து ஆரம்பிக்குது.

2020 ஆகஸ்ட். லாக்டவுன்ல சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு வடலூர் வந்துட்டேன். வீட்டு மாடியில ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல லேப்டாப். சாயங்காலம் ஏழரை மணிக்கு தினமும் கிளையன்ட் கால். அவங்களுக்கு அப்போ காலை பத்து மணி. எங்க டீம்ல நியூ ஜெர்சியில இருந்து பேசுற ஒருத்தர் இருந்தார். யூதர். அன்னைக்கு கால் முடியும்போது, "அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு, பையனை ஏர்போர்ட்ல விடணும்"னு சொன்னார். எங்கன்னு கேட்டேன். "ஜெருசலேம்"னார்.

எனக்கு ஒண்ணும் புரியல. உலகமே கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கு. நான் வடலூர்ல இருந்து கடலூர் போகணும்னாலே யோசிக்கிறேன். இவர் பையன் 18 வயசுல இன்னொரு நாட்டுக்குக் கிளம்புறான். அதுவும் காலேஜுக்கு இல்ல. காலேஜ் சீட் அமெரிக்காவுல கையில இருக்கு. அதை ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டுப் போறான்.

கால் கட் பண்ணி பத்து நிமிஷம் இருக்கும். அடுத்த தெருவுல இருந்து சித்தி பொண்ணு போன் பண்ணா. "அண்ணா, வீசாட் லாகின் ஆகவே மாட்டேங்குது. கிளாஸ் குரூப் எல்லாம் அதுலதான் இருக்கு. வேற ஏதாவது வழி இருக்கா?"

அவ சீனாவுல மெடிக்கல் ரெண்டாவது வருஷம். அதாவது, ரெஜிஸ்டர்ல சீனாவுல. ஆள் வடலூர்ல.

ஒரே சாயங்காலம், வெளிநாட்டுல படிக்கிற ரெண்டு பசங்க. ஒருத்தனுக்குக் கதவு திறந்துச்சு. இன்னொருத்திக்கு இன்னும் ரெண்டு வருஷம் திறக்கல. ஏன்? இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, கேப் இயர்னா என்ன?

நம்ம வீட்டுல ஒரு வருஷம் படிப்பு நின்னா அதுக்கு ஒரே பேர்தான்: "வருஷம் வீணாப் போச்சு." நமக்குத் தெரிஞ்ச கேப் இயர் நீட் ரிப்பீட்டர் வருஷம். நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு கோச்சிங் ஹாஸ்டல்ல காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி விடுவாங்க. அதை யாரும் கேப்னு சொல்ல மாட்டாங்க. அங்க மூச்சு விடவே கேப் கிடையாது.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா மாதிரி நாடுகள்ல இருக்கிற யூதக் குடும்பங்கள்ல, குறிப்பா மதப்பற்று அதிகமா இருக்கிற குடும்பங்கள்ல, ஸ்கூல் முடிச்சதும் ஒரு வருஷம் இஸ்ரேல் போறது ரொம்ப சாதாரணம். பையன்கள் யெஷிவான்னு சொல்ற மதக் கல்விக்கூடத்துக்குப் போவாங்க. பொண்ணுங்களுக்கு செமினரி. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பழைய மத நூல்களை ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து சத்தமா விவாதிச்சுப் படிக்கிற முறை. மதம் சாராத திட்டங்களும் இருக்கு. மொழி கத்துக்கலாம், தொண்டு வேலை செய்யலாம், ஏதாவது நிறுவனத்துல பயிற்சி எடுக்கலாம். இதுக்கெல்லாம் குடையா இருக்கிறது மாசா. இஸ்ரேல் அரசும் யூத ஏஜென்சியும் சேர்ந்து 2004-ல ஆரம்பிச்ச அமைப்பு அது. ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் ஜூன் வாக்குல முடியும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் படிப்பு புத்தகத்துல இருக்கிறதை விட இடத்துல இருக்கு. அந்த நூல்களை நியூ ஜெர்சியிலயும் படிக்கலாம். ஆனா அந்த ஊர்ல நடந்து, அந்த மொழியில பால் பாக்கெட் வாங்கி, பண்டிகைக்கு முன்பின் தெரியாத ஒரு வீட்டுல போய்ச் சாப்பிடுறதுதான் அந்த வருஷத்தோட சிலபஸ். ஜூம்ல அதை நடத்த முடியாது.

இதுக்கு எதிர்த் திசைப் பயணம் நமக்கு நல்லாவே தெரியும். கொடைக்கானல் வட்டக்கானலுக்குப் போயிருக்கீங்களா? ஹீப்ருல எழுதின போர்டு பார்த்திருப்பீங்க. கட்டாய ராணுவ சேவை முடிச்ச இஸ்ரேல் இளைஞர்கள் மாசக்கணக்குல வந்து தங்குற ஊர் அது. 2020 மார்ச் 25 நம்ம நாடு மொத்தமா லாக்டவுனுக்குப் போனப்போ இந்தியாவுல பல இடங்கள்ல இப்படிச் சுத்திட்டு இருந்தவங்களை இஸ்ரேல் சிறப்பு விமானங்கள் ஏற்பாடு பண்ணிக் கூட்டிட்டுப் போச்சு. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்குங்க. அந்த நாடு தன் பசங்களை எப்படிப் பார்க்குதுங்கிறது பின்னாடி தேவைப்படும்.

2020 மார்ச்: எல்லாரும் வீட்டுக்கு

மார்ச் 9-ஆம் தேதி, வெளிநாட்டுல இருந்து யார் வந்தாலும் 14 நாள் தனிமைன்னு இஸ்ரேல் அறிவிச்சுது. மார்ச் 18-ல இருந்து வெளிநாட்டவர் உள்ளே வர்றதையே நிறுத்திட்டாங்க. அங்க இருந்த கேப் இயர் மாணவர்களுக்கு வருஷம் பாதிக்கு மேல முடிஞ்சிருந்துச்சு. ஏப்ரல் 8 ராத்திரி பஸ்கா பண்டிகை. அதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்னு நிறைய பேர் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்த மாசங்களுக்கு வகுப்பு ஜூம்ல நடந்துச்சு. அதைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்தப் படிப்பு ஜூம்ல வராதுன்னு முதல்ல புரிஞ்சிருக்கும்.

இப்போ அடுத்த பேட்ச். 2020 ஜூன்ல ஸ்கூல் முடிச்சவங்க. அவங்க முன்னாடி ரெண்டு வழி. அமெரிக்கக் காலேஜ்ல சேர்ந்து, முழு ஃபீஸ் கட்டி, முதல் வருஷத்தைத் தன் பெட்ரூம்ல இருந்தே ஆன்லைன்ல படிக்கலாம். இல்லன்னா ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டு இஸ்ரேல் போகலாம், கதவு திறந்தா.

திறந்துச்சு. சுற்றுலாப் பயணிகளுக்கு எல்லை மூடியே இருந்த அந்தக் கோடையில, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களுக்கு இஸ்ரேல் சிறப்பு அனுமதி கொடுத்துச்சு. வந்ததும் 14 நாள் தனிமை. அதுக்குப் பிறகு 'கேப்ஸ்யூல்' முறை, அதாவது ஒரு சின்னக் குழு ஒண்ணாவே தங்கி, ஒண்ணாவே சாப்பிட்டு, ஒண்ணாவே படிக்கணும். வேற குழுவோட கலக்கக் கூடாது.

எல்லாம் சுமுகமா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். சில யெஷிவாக்கள்ல தொற்று பரவுச்சு. செப்டம்பர் 18, அவங்களோட புத்தாண்டுக்கு முந்தின நாள், இஸ்ரேல் மறுபடி லாக்டவுனுக்குப் போச்சு. வந்து ஒரு மாசம் கூட ஆகாத பசங்க பண்டிகையை ஹாஸ்டல் சுவருக்குள்ளேயே கொண்டாடினாங்க. குடும்பத்தைப் பார்க்க வர நினைச்ச பலருக்குக் கதவு மூடியிருக்கும்போது மாணவர்களுக்கு மட்டும் ஏன்னு அந்த நாட்டுலயே கேள்வி எழுந்துச்சு. அது நியாயமான கேள்விதான்.

ஆனா அந்த வருஷம் ஓடுச்சு. 2020 டிசம்பர் 20-ல தடுப்பூசி போட ஆரம்பிச்ச இஸ்ரேல், 2021 பிப்ரவரி 4-ல இருந்து 16 வயசுக்கு மேல எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. அங்க தங்கியிருந்த வெளிநாட்டு மாணவர்களும் போட்டுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல 18 வயசுக்காரங்களுக்கு முறை வந்தது அந்த வருஷம் மே 1-ஆம் தேதி. என் டீம் மேட்டோட பையன் ஊசி போட்டு, படிப்பை முடிச்சு, ஜூன்ல வீடு திரும்பி, தள்ளி வச்ச காலேஜ்ல சேர்ந்தான்.

சரி, அடுத்த தெருவுக்கு வருவோம்.

தைப்பூசத்துக்கு வெளியே வராத பொண்ணு

என் தங்கச்சி 2020 ஜனவரியில, சீனப் புத்தாண்டு லீவுக்கு வீட்டுக்கு வந்தா. ஒரு பெட்டி, ஒரு பேக். வெள்ளை கோட்டு, புத்தகம், குளிர் ஜாக்கெட் எல்லாம் ஹாஸ்டல் ரூம்லயே இருக்கு. பிப்ரவரி கடைசியில திரும்பிப் போற டிக்கெட் போட்டிருந்தாங்க.

ஜனவரி 23-ல வூஹான் நகரத்தை மூடினாங்க. ஜனவரி 30-ல இந்தியாவோட முதல் கொரோனா கேஸ் கேரளா திருச்சூர்ல பதிவாச்சு. வூஹான்ல படிச்சிட்டு லீவுக்கு வந்த மெடிக்கல் ஸ்டூடன்ட். பிப்ரவரி 1, 2 தேதிகள்ல ஏர் இந்தியா ரெண்டு தடவையா 647 இந்தியர்களை வூஹான்ல இருந்து கூட்டிட்டு வந்துச்சு. அவங்கள்ல பெரும்பாலானவங்க மாணவர்கள்.

தங்கச்சி படிச்சது வூஹான்ல இல்ல, அங்கிருந்து ரொம்பத் தூரம். ஆனா தெருவுல அந்த வித்தியாசம் யாருக்கு வேணும்? "சீனாவுல இருந்து வந்த பொண்ணு", அவ்வளவுதான். சீனாவுல இருந்து திரும்பினவங்களை 28 நாள் வீட்டுலயே வச்சுக் கண்காணிச்சாங்க. தினமும் சுகாதாரத் துறையில இருந்து போன்: "காய்ச்சல் இருக்காம்மா? இருமல்?" பிப்ரவரி 8 தைப்பூசம். வடலூர்க்காரங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்ல. சத்திய ஞான சபையில ஜோதி தரிசனம், ஊரே ஜனங்களால நிறைஞ்சு, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிக்கும். பொறந்ததுல இருந்து ஒரு தைப்பூசத்தையும் விடாதவ, அந்த வருஷம் மொட்டை மாடியில உட்கார்ந்து மைக் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தா.

மார்ச் 28-ல, விசா கையில இருந்தாலும் வெளிநாட்டவர் உள்ளே வர முடியாதுன்னு சீனா எல்லையை மூடிச்சு. அப்போ எல்லாரும் நினைச்சது ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம்.

ஏன் சீனா? சிதம்பரத்துக்குப் போய்ப் பாருங்க

"இங்க இல்லாத காலேஜா?"ன்னு நிறைய பேர் கேப்பீங்க. வடலூர்ல இருந்து சேத்தியாத்தோப்பு வழியா பஸ் ஏறினா சிதம்பரம். அங்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. 2013-லயே பல்கலைக்கழக நிர்வாகம் அரசு கைக்கு வந்துடுச்சு. ஆனாலும் எம்பிபிஎஸ் ஃபீஸ் வருஷத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல. அதே நேரத்துல மத்த அரசு மருத்துவக் கல்லூரிகள்ல பதினாலாயிரத்துக்குள்ள. இதை எதிர்த்து 2020 டிசம்பர்ல மாணவர்கள் போராட ஆரம்பிச்சு, அது ரெண்டு மாசம் வரைக்கும் நீண்டுச்சு. 2021 தொடக்கத்துல கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாத்தி, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியா அறிவிச்சு, ஃபீஸையும் குறைச்சாங்க.

தங்கச்சி சேர்ந்தது 2018-ல. அப்போ அவ மார்க்குக்கு அரசு சீட் எட்டல. தனியார்ல மேனேஜ்மென்ட் சீட் கேட்ட விலைக்கு சித்தப்பா உரக்கடையை வித்தாலும் பத்தாது. சீனாவுல ஆங்கில வழியில எம்பிபிஎஸ் நடத்த அந்த நாட்டு அரசு 45 பல்கலைக்கழகங்களை அனுமதிச்சிருந்துச்சு. அஞ்சு வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். மொத்தச் செலவு இங்க உள்ள தனியார் சீட்டுல ஒரு பங்குதான். வீட்டுப் பத்திரம், கொஞ்சம் நகை, ஒரு பேங்க் லோன். கணக்கு சரியா வந்துச்சு. இப்படிக் கணக்குப் போட்டுப் போனவங்க, சீனாவுல மட்டும் 23,000 இந்திய மாணவர்கள். அவங்கள்ல பெரும்பாலானவங்க மெடிக்கல்.

அந்தக் கணக்குல யாருமே போடாத வரி ஒண்ணு இருந்துச்சு: எல்லை மூடினா என்ன?

காலை அஞ்சரை மணி அனாடமி

சீனா நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க எட்டு மணி கிளாஸ்னா இங்க அஞ்சரை. விடியுறதுக்கு முன்னாடி எழுந்து, சித்தியோட போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அனாடமி கிளாஸ். கரண்ட் போனா கிளாஸ் போச்சு.

அப்புறம் கல்வான். 2020 ஜூன் 15 எல்லை மோதல். ஜூன் 29-ல இந்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை பண்ணுச்சு. எல்லாரும் டிக்டாக் போச்சுன்னு பேசினாங்க. அந்த லிஸ்ட்ல வீசாட்டும் இருந்துச்சு. சீனாவுல படிக்கிற பசங்களுக்கு வீசாட்ங்கிறது வாட்ஸ்ஆப் மட்டும் இல்ல. காலேஜ் நோட்டீஸ் போர்டு, புரொபசரோட நம்பர், ஃபீஸ் கேட்கிற ஆபீஸ், எல்லாமே அதுதான். என்னை அவ கூப்பிட்ட அந்த ஆகஸ்ட் போன் கால் இதுக்குத்தான். நவம்பர்ல இன்னொரு லிஸ்ட், 43 ஆப். அதுல டிங்டாக் இருந்துச்சு. அதுவும் வகுப்பு நடத்தப் பயன்படுத்துற ஆப்தான்.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கிறவன். ஒரு சர்வீஸை நிறுத்துறதுக்கு முன்னாடி அதை யார் யார் நம்பியிருக்காங்கன்னு பார்ப்போம். தடையோட நியாயத்தைப் பத்தி நான் பேச வரல. அதை நம்பியிருந்த பல்லாயிரம் மாணவர்கள் அந்த லிஸ்ட் போட்டவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாங்களான்னுதான் கேட்கிறேன்.

இப்படியே 2020 போச்சு, 2021 போச்சு. அரசு அளவுல பேசிக்கிட்டே இருந்தாங்க. 2022 ஏப்ரல் கடைசியில, திரும்ப வர விரும்புறவங்க பட்டியல் கொடுங்கன்னு சீனா கேட்டுச்சு. கடைசியா 2022 ஆகஸ்ட் 24-ல இருந்து மாணவர் விசா கொடுக்க ஆரம்பிச்சாங்க. கதவு மூடின நாள்ல இருந்து கணக்குப் போட்டா ஏறக்குறைய 29 மாசம். இஸ்ரேல் போன பையனுக்கு அந்த இடைவெளி அஞ்சு மாசம்.

விசா கிடைச்சும் நேரடி விமானம் இல்ல. 2020-லயே நின்னு போச்சு. சுத்தி வளைச்சுப் போற டிக்கெட்டுக்கு மட்டும் லட்சத்துக்கு மேல. மறுபடி நகை.

ஜூம்ல படிச்ச டாக்டர் கிட்ட ஊசி போட்டுக்குவீங்களா?

இதுதான் இன்னைக்கு எபிசோட்ல கஷ்டமான பகுதி.

வெளிநாட்டுல எம்பிபிஎஸ் முடிச்சா இந்தியாவுல உடனே டாக்டர் ஆக முடியாது. எஃப்எம்ஜிஇ-ன்னு ஒரு தேர்வு, 300 கேள்வி, 150 எடுக்கணும். அப்புறம் இங்க ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். கொரோனா காலத்துல கடைசி வருஷத்துல இருந்த சிலர் வார்டுல செய்ய வேண்டிய கிளினிக்கல் பயிற்சியையும் ஆன்லைன்லயே முடிச்சு, சர்டிபிகேட் வாங்கி, எஃப்எம்ஜிஇ-யும் பாஸ் பண்ணிட்டு வந்து பதிவு கேட்டாங்க. தேசிய மருத்துவ ஆணையம் ஒத்துக்கல.

தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்னுச்சு. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2022 ஏப்ரல் 29-ல தீர்ப்பு. சுருக்கமா ரெண்டு பக்கம் இருந்துச்சு. ஒண்ணு, நோயாளியைத் தொடாம படிச்ச படிப்பை அப்படியே ஏத்துக்கச் சொல்லி ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, மக்கள் உயிர் சம்பந்தப்பட்டது. ரெண்டு, அதுக்காக இவ்வளவு படிச்ச பசங்களை அப்படியே விட்டுடவும் கூடாது, ரெண்டு மாசத்துல ஒரு வழி கண்டுபிடிங்க. ஜூலை 28-ல ஆணையம் ஒரு தடவை மட்டும்னு ஒரு திட்டம் அறிவிச்சுது. கொரோனாவாலயோ உக்ரைன் போராலயோ திரும்பி வந்த கடைசி வருஷ மாணவர்கள், 2022 ஜூன் 30-க்குள்ள படிப்பு முடிச்ச சர்டிபிகேட் வாங்கியிருந்தா எஃப்எம்ஜிஇ எழுதலாம். ஆனா பாஸ் பண்ணினா இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம்.

இடைப்பட்ட வருஷங்கள்ல இருந்த என் தங்கச்சி மாதிரிப் பசங்களுக்கு அந்தத் திட்டத்துல இடம் இல்ல. அவங்க திரும்பிப் போய்த்தான் ஆகணும்.

எனக்கு அப்போ ஆணையத்து மேல பயங்கரக் கோபம். தப்பு பண்ணாத பசங்களுக்கு ஏன் தண்டனைன்னு வீட்டுல கத்துவேன். அந்தக் கோபத்தை உடைச்சது அவளேதான். 2022 கடைசியில திரும்பிப் போனா. அவளோட பொருளையெல்லாம் ஹாஸ்டல்ல சாக்குல கட்டி ஸ்டோர் ரூம்ல போட்டிருந்தாங்க. கோட்டு மஞ்சளாகிடுச்சு. முதல் மாசம் ஒரு ராத்திரி போன்ல சொன்னா:

"அண்ணா, இன்னைக்கு பிளட் எடுக்கச் சொன்னாங்க. கை நடுங்கிடுச்சு. மூணு வருஷமா ஸ்கிரீன்ல பார்த்த வெயின். தோலுக்கு அடியில எங்க இருக்குன்னே தெரியல. அவங்க சொன்னது சரிதான் அண்ணா. நான் ஒண்ணுமே படிக்கல."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "தூங்கும்மா, காலைல பேசலாம்"னு வச்சுட்டேன்.

இப்போ ரெண்டு கதையையும் பக்கத்துல வைங்க. இடம்தான் சிலபஸ்னு நான் யெஷிவாவைப் பத்திச் சொன்னேன் இல்லையா? மெடிக்கலுக்கும் அதேதான். வார்டுதான் சிலபஸ். ரெண்டு படிப்புமே ஜூம்ல வராது. அந்தப் பையனோட படிப்பு நேர்ல நடக்கணும்னு புரிஞ்ச நாடு கதவைத் திறந்துச்சு. இவளோட படிப்பு நேர்ல நடக்கணும்னு எல்லாருக்கும் புரிஞ்சும் எந்தக் கதவும் திறக்கல. இடைவெளியை மட்டும் இவ கணக்குல எழுதினாங்க.

ஏன் அங்க திறந்துச்சு?

இஸ்ரேல் நல்ல மனசு, சீனா கெட்ட மனசுன்னு முடிச்சா அது சோம்பேறித்தனம். அந்த 18 வயசுப் பையனை இஸ்ரேலுக்கு வேணும். 1950-ல கொண்டு வந்த 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்'படி உலகத்துல எங்க இருக்கிற யூதரும் அங்க போய்க் குடியேறலாம். கேப் இயர் வர்ற பசங்கள்ல ஒரு பகுதி பின்னாடி அங்கேயே குடியேறுவாங்க. மத்தவங்களும் வாழ்நாள் முழுக்கத் தொடர்புல இருப்பாங்க. அந்த ஒரு வருஷம் அந்த நாட்டோட முதலீடு. அதோட, அந்தப் பசங்களுக்காக அமைச்சகத்துக் கதவைத் தட்டப் பெரிய பெரிய அமைப்புகள் இருந்துச்சு. அதே எல்லையில இப்படி ஆள் இல்லாதவங்க வெளியதான் நின்னாங்க.

என் தங்கச்சி சீனாவுக்கு ஃபீஸ் கட்டுற வெளிநாட்டவர். 'ஜீரோ கோவிட்'னு தன் மக்களையே மாசக்கணக்குல அடைச்சு வச்ச நாடு, அவளுக்காக அவசரப்படக் காரணம் இல்ல. சீனாவே 2020 ஆகஸ்ட்ல தென் கொரிய மாணவர்களுக்கு விசா கொடுக்க ஆரம்பிச்சுது. ஆக, யாரை விடணும்ங்கிறது மருத்துவக் கேள்வி மட்டும் இல்ல. ரெண்டு நாட்டுக்கு நடுவுல உறவு எப்படி இருக்குங்கிற கேள்வி. நம்ம உறவு அப்போ கல்வான்ல நின்னுச்சு.

எங்க வேலையில ஒண்ணு அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணா எல்லாம் பாஸ். சேர்த்து ஓட்டினா விழும். இங்கயும் அப்படித்தான். நோயைத் தடுக்க எல்லையை மூடினோம்னு சீனா சொல்லும். பாதுகாப்புக்காக ஆப்பைத் தடை பண்ணோம்னு நம்ம அரசு சொல்லும். நோயாளி பாதுகாப்புக்காக ஆன்லைன் படிப்பை ஏத்துக்கலைன்னு ஆணையம் சொல்லும். தனித்தனியா எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கு. எல்லாம் சேர்ந்து விழுந்த இடத்துல ஒரு 20 வயசுப் பொண்ணு நின்னுட்டு இருந்தா. அவளுக்காகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை மட்டும் யாரோடதும் இல்லாமப் போச்சு.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. அந்தப் பையன் போகாம இருந்திருந்தாலும் ஒண்ணும் மூழ்கியிருக்காது. காலேஜ் சீட் காத்திருந்துச்சு. நிறுத்தி வச்சுத் திரும்ப ஓட்டுற பட்டன் அவன் கையில இருந்துச்சு. நம்ம பசங்களுக்கு வட்டி நிக்காது, ஃபீஸ் நிக்காது, "பொண்ணு என்ன பண்றா?"ன்னு கேட்கிற வாயும் நிக்காது. ஒரு வருஷம் நிறுத்தி வைக்க முடியறதே ஒரு வசதி. அது எல்லாருக்கும் கிடைக்கிறது இல்ல.

இப்போ போறவங்க என்ன கேட்கணும்?

இதைக் கேட்கிறவங்கள்ல யாராவது, இல்ல உங்க தம்பி தங்கச்சி, வெளிநாட்டு மெடிக்கலுக்கு யோசிச்சுட்டு இருக்கலாம். ஏஜென்ட் பிரவுசரைத் தள்ளி வச்சுட்டு நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, விதி. 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்றவங்களுக்கு ஆணையத்தோட விதி கறாரானது. குறைஞ்சது 54 மாசம் படிப்பு, ஆங்கில வழி, அதே நிறுவனத்துல 12 மாசம் இன்டர்ன்ஷிப். அங்க முடிச்சுட்டு இங்க மறுபடி 12 மாசம். நீங்க சேர்ற கோர்ஸ் இதுக்கு ஒத்து வருதான்னு ஏஜென்ட் வாயால கேட்காதீங்க. ஆணையத்தோட விதியை நீங்களே திறந்து படிங்க.

ரெண்டு, வார்டு. மூணாவது வருஷத்துல நோயாளிகிட்ட எந்த மொழியில பேசணும்? கையை வச்சுச் செய்ய விடுவாங்களா, தள்ளி நின்னு பார்க்க மட்டும்தானா? இதை ஏற்கெனவே அங்க படிக்கிற சீனியர் கிட்டத்தான் கேட்கணும்.

மூணு, கதவு மூடினா? படிப்பு பாதியில நின்னா ஃபீஸ் திரும்புமா, வேற காலேஜுக்கு மாற முடியுமா, மாறினா இங்க அது செல்லுமா? எழுத்துல வாங்குங்க.

நாலு, பணம். மொத்தச் செலவோட ஒரு வருஷச் செலவைக் கூடுதலா வச்சுக் கணக்குப் போடுங்க. அது இல்லாமப் போறீங்கன்னா, ஒரு வருஷம் தவறினா என்ன பண்ணுவோம்னு வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து ஒரு தடவை பேசிடுங்க. எங்க வீட்டுல அதைப் பேசல.

தங்கச்சி படிப்பை முடிச்சுட்டா. எஃப்எம்ஜிஇ ரெண்டாவது தடவை பாஸ். ஆன்லைன்ல படிச்ச மாசங்களை நேர்ல ஈடு பண்ணதுக்கு ஆதாரம், அதுக்கு ஒரு முத்திரைன்னு கொஞ்ச நாள் காகிதத்தோட அலைஞ்சா. இப்போ ஒரு அரசு மருத்துவமனையில இன்டர்ன்ஷிப். போன தைப்பூசத்துக்கு வந்திருந்தா. ராத்திரி டூட்டி முடிச்சு நேரா பஸ் ஏறி, கண்ணெல்லாம் சிவந்து.

சித்திக்கு சுகர் டெஸ்ட் எடுக்கணும்னு லேப்ல இருந்து ஆளை வரச் சொல்லியிருந்தோம். "அவர் எதுக்கு?"ன்னு இவளே சிரிஞ்சை எடுத்தா. சித்தி கையைத் திருப்பி, விரலால ரெண்டு தடவை தடவிப் பார்த்து, ஒரே குத்து. சித்திக்கு வலிக்கவே இல்லையாம்.

நான் அந்த ராத்திரி போன் காலை ஞாபகப்படுத்தினேன். "இப்போ தெரியுதா வெயின் எங்க இருக்குன்னு?"

"இப்போ கண்ணை மூடிட்டே தெரியும் அண்ணா. ஆனா இது நான் 22 வயசுல கத்துக்கிட்டிருக்க வேண்டியது."

அவ்வளவுதான் இந்த எபிசோட். உங்க வீட்டுலயும் இப்படி எங்கேயாவது நின்னு போன ஒரு வருஷம் இருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.